கஸ்தூரி கையெழுத்துப் போடாத காலை

நாவல்கண்டிகை நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு பேருந்து நிலையம், இரண்டு மேல்நிலைத் தொட்டி, ஒரு மீன் அங்காடி, ஒரு விமானத் தளம் உண்டு. கடைசியாகச் சொன்னதை யாரும் நம்புவதில்லை. வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோக்காரரிடம் ஏர்போர்ட் என்று சொன்னால், "அது மீனம்பாக்கத்துல கீது நைனா, தப்பான ரயிலு ஏறிட்ட" என்பார். கிரவுண்டு என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

போர்க்காலத்தில் யாரோ அவசரமாகப் போட்டுவிட்டுப் போன ஆயிரத்து இருநூறு மீட்டர் தார்ப்பட்டை அது. சுற்றிலும் புல், புல்லைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியை ஒட்டி மனைப்பிரிவுக் கற்கள். ஒரு மாடிக் கட்டடத்தின் மேல் வானொலி அறை. பக்கத்துக் கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை. பயிற்சிப் பள்ளி ஒன்றின் இரண்டு சிறு விமானங்கள் பகலெல்லாம் ஏறி இறங்கும். மாதத்தில் ஓரிரு முறை வெளியூரிலிருந்து நோயாளியைச் சுமந்துகொண்டு ஒரு விமானம் வரும். அவ்வளவுதான்.

அங்கே கஸ்தூரிக்கு வேலையே நடப்பதுதான். காலை ஐந்தரைக்குக் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கு முனைவரை நடந்து, மறுபக்கமாகத் திரும்பி வருவாள். கையில் நாலடி இரும்புக் கம்பி, இடுப்பில் ஒரு துணிப்பை. கல், ஆணி, பட்டத்து மாஞ்சா, பறவை இறகு, எது கண்ணில் பட்டாலும் பைக்குள் போகும். நாலு எட்டுக்கு ஒருமுறை கம்பியின் நுனியால் தாரைத் தட்டுவாள். நல்ல தரை ‘ணங்’ என்று திருப்பிச் சொல்லும். கீழே மண் இளகியிருந்தால் ‘பொத்’ என்று விழுங்கிக்கொள்ளும். விழுங்கினால் அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம்; ஆள் வந்து இறுக்கிவிடுவார்கள். முடித்துவிட்டு வந்து ஆய்வுப் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகே வானொலி அறையிலிருந்து வானத்துக்குப் பேச்சுப் போகும். விமானம் தரையைத் தொடும் நொடியில் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, கீழே ஒருத்தி ஏற்கெனவே தட்டிப் பார்த்திருக்கிறாள் என்பது தெரியாது. தெரிந்தால் பிடி கொஞ்சம் தளரும்.

தட்டிப் பார்க்கும் காது அவளுக்கு அம்பத்தூரில் வந்தது. அப்பனும் ஆத்தாவும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பதினெட்டு வயதில் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் சேர்ந்தாள். வார்த்து எடுத்த பிரேக் டிரம்களைச் சுத்தியலால் தட்டி, விரிசல் விட்டதைச் சத்தத்திலேயே பிரித்துத் தள்ளுகிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு டிரம். ஆலை மூடியபோது காதோடு வெளியே வந்தாள். இங்கே புல் வெட்ட வந்து, ரோட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போன விரிசலைக் கம்பியால் கண்டுபிடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம். புல்லை வேறு ஆள் வெட்டுகிறான். கஸ்தூரியின் பதவிப் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது: தற்காலிகப் பராமரிப்புப் பணியாளர்.

அந்தத் ‘தற்காலிக’த்தை அடித்துவிடும் நாள் ஒருவழியாக வந்தது. ஓடுதளத்துக்குப் புதுத் தார் போட ஒரு மாதம் மூடியிருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்குத் திறப்பு விழா. பெரிய இடத்து விருந்தினர் ஒருவர் இரட்டை எஞ்சின் விமானத்தில் வந்து இறங்கி, அதே மேடையில் பதினோரு பேருக்குப் பணி நிரந்தர ஆணை கொடுப்பார். பட்டியலில் நாலாவது பெயர் கஸ்தூரி. மகள் எழில் பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அவள் பர்மிஷன் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். கரையான்சாவடி நகைக்கடையில் காவலுக்கு நிற்கும் புருஷன், உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முந்தின நாள் வியாழன், கஸ்தூரிக்கு வார விடுமுறை. அன்று ராத்திரி நல்ல மழை. புதுத் தார் கழுவி விட்டதுபோல் கிடந்தது. நடுக்கோடு பளிச்சென்றிருந்தது. புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கிழக்கு முனையில் இறங்கினாள்.

ணங். ணங். ணங்.

நூறு மீட்டர் தாண்டியிருப்பாள். பொத்.

நின்றாள். மறுபடி தட்டினாள். பொத். ஒரு எட்டுப் பக்கவாட்டில் வைத்துத் தட்டினாள். ணங். பத்தடி தள்ளி மறுபடி பொத். குனிந்து பார்த்தாள். தார் ஒரே கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தட்டின இடத்தில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம், சுற்றியிருந்ததைவிட ஒரு நூல் அதிகமாகப் பளபளத்தது. பத்தடிக்கு ஒன்று. ஓடுதளத்தின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எட்டு. இருபதடி தள்ளி இன்னொரு வரிசை, அதிலும் எட்டு.

கம்பியைக் கொஞ்சம் அழுத்தினாள். கேழ்வரகுக் களிக்குள் போவதுபோல் முழங்கை ஆழத்துக்கு இறங்கியது.

அவளுக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் ஆகாது. ஆடி மாதக் கூழுக்கும், கட்சிக் கூட்டத்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும் தெருவை அடைத்துச் சவுக்குக் கழி நட்டு நட்டு, தார்ச்சாலை எல்லாம் சல்லடையாகிப் போன ஊர். பந்தல் என்றால் ரோட்டில் குழி. அதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை.

புல்வெட்டும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வேம்புலி வந்தான். நாற்பது வயது, எதற்கும் சிரிக்கிறவன். அவளைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

"இன்னாக்கா, புதுப் பொடவையும் அதுவுமா ரன்வேக்கு ஊசி போட்டுகினு கீற?"

"நேத்து யார்ரா இங்க பந்தல் போட்டது?"

வேம்புலி தலையைச் சொறிந்தான். "நான் போடலக்கா."

"நீ போட்டியான்னு கேக்கல. யாரு?"

"பக்தவத்சலம் அண்ணாத்த ஆளுங்கதான். ப்ளேன்லேர்ந்து எறங்குறவரு தலைல வெய்யிலு படக்கூடாதாம். காலைல ரோட்ட அடைச்சி சூப்பரா போட்டாங்கோ. சாய்ந்தரம் எஞ்சினீயரு வந்து, யோவ், பந்தலுக்குள்ள ப்ளேனு எப்டிய்யா வரும், ரெக்க இடிக்கும்யான்னு கத்துனாரு. அவுத்து அந்தாண்ட போட்டாங்கோ."

"குழிய?"

"மண்ணப் போட்டு மூடி, மேல தார ஊத்தி, பிரஷ்ஷால ஒரு இழுப்பு இழுத்துட்டாங்கோ." குரல் இறங்கியது. "மண்ணு... நம்ம டிராக்டர்லதான் வந்துது. நாலு நட."

கஸ்தூரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"காத்து எந்தப் பக்கம்டா?"

அவன் காற்றுப்பையைப் பார்த்தான். "மேக்கேர்ந்து."

"மேக்கேர்ந்து அடிச்சா ப்ளேனு எங்கேர்ந்து வந்து எறங்கும்?"

வேம்புலி கிழக்கே திரும்பிப் பார்த்தான். கிழக்கிலிருந்துதான் வரும். வந்து சக்கரம் வைக்கிற இடம் இதுதான். பதினாறு குழியும் அங்கேதான்.

"ஷெட்டுக்குப் போயி சிலுவய எடுத்துகினு வா. ரெண்டும்."

"அக்கா, இன்னிக்கு உன் ஆர்டரு..."

"எடுத்தாடா!"

சிலுவை என்பது ஓடுதளம் மூடியிருக்கிறது என்று வானத்துக்குச் சொல்லும் பெருக்கல் குறி. நகராட்சி வாங்கிக் கொடுத்தது என்றோ கிழிந்துபோக, கஸ்தூரி தானே இரண்டு தைத்து வைத்திருந்தாள். பழைய விளம்பரப் பேனர்கள், வெள்ளைப் பின்பக்கம் மேலே தெரியும்படி. பிறந்தநாள் கொண்டாடிய அத்தனை முகங்களும் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். தார் வேலை முடிந்து புதன்கிழமைதான் சுருட்டி வைத்தவற்றை, ஆறு மணிக்குள் மறுபடி இரண்டு முனையிலும் விரித்து, மணல் மூட்டை வைத்து அமர்த்தினார்கள்.

பிறகு மாடி ஏறினாள். வானொலி அறையில் இராமகிருஷ்ணன் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். விமானப்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஆவடியிலேயே தங்கிவிட்டார். பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலியைவிட்டு வரவில்லை.

"என்ன தாயி, பதிவேட்டுல கையெழுத்தக் காணும்?"

அவள் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாக வெள்ளைக் குறியை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத் தெரிஞ்சுதான் செய்யுதியா? பட்டியல்ல உம்பேரு இருக்குல்லா? இன்னைக்கு விட்டா இந்தப் பயலுவ திரும்பத் தருவானுவளா?"

"தர மாட்டாங்க."

"பொறவு?"

"பொறவு இன்னா? குழி எனக்காவ இன்னிக்கு ஒரு நாளு கெட்டியா இருக்குமா?"

இராமகிருஷ்ணன் ஃபிளாஸ்கை மூடினார். தளம் மூடியிருக்கிறது என்று மீனம்பாக்கத்துக்குத் தகவல் சொன்னார். விருந்தினர் விமானம் கிளம்பும் ஊருக்கும் போன் அடித்தார். அங்கே எடுத்தவர், "உங்க ஆணையர் இப்பத்தான் பேசினாரே, எல்லாம் தயார்னு சொன்னாரே" என்றார். ஆணையருக்கு அடித்தார், எடுக்கவில்லை. மாலை வாங்கப் போயிருந்தாராம்.

நகராட்சி ஆணையர் ரகுநாதன் ஒன்பதரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வியர்வை, இரண்டு போன். மேடையில் மேசைமேல் பதினோரு பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. கூட்டம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வரிசையில் எழிலும் அவள் அப்பாவும். கஸ்தூரி மட்டும் அங்கே இல்லை. ஓடுதளத்தின் கிழக்கு முனையில், தான் தைத்த சிலுவையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ரகுநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே பந்தல்காரர் பக்தவத்சலம். தோளில் பச்சைத் துண்டு, கழுத்தில் சங்கிலி.

"இங்க பாரும்மா," ரகுநாதன் மெதுவாகவே தொடங்கினார். "இன்னும் ஒரு மணி நேரத்துல விமானம் வருது. இதைச் சுருட்டு. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் பேச முடியாது சார். சக்கரம் உள்ள போயிடும்."

"எத்தனை பெரிய குழி? ஒரு சாண் இருக்குமா? விமானம் என்ன சைக்கிளா?"

பக்தவத்சலம் நடுவில் புகுந்தார். "இருவத்தஞ்சு வருசமா பந்தல் போடறேன் சார். எத்தினி ரோட்ல நட்டுருக்கேன். லாரி போவல? பஸ்ஸு போவல? இந்தம்மா இன்னாத்துக்கு சீனு போடுது?"

"அண்ணாத்தே," கஸ்தூரி திரும்பினாள். "உன் ரோட்ல லாரி குழில விழுந்தா டிரைவரு உன் ஆத்தாவத் திட்டிட்டு ஏறிப் போயிடுவான். இதுல விழுந்தா யாரும் திட்ட மாட்டாங்க. திட்ட ஆளு இருக்காது."

வேம்புலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குழிய விட்டுத் தள்ளி எறங்கச் சொல்லுங்க," என்றார் ரகுநாதன், கைபேசியில் இராமகிருஷ்ணனிடம். போனின் ஒலிபெருக்கியில் பதில் எல்லோருக்கும் கேட்டது. "அந்த விமானத்துக்கு இந்த நீளமே இழுத்துப் பிடிச்சுதான் போதும் சார். தள்ளி எறங்கினா மேக்க வேலியத் தாண்டி ரேஷன் கடையில போயித்தான் நிக்கும்."

"அப்ப ரன்வே சரியா இருக்குன்னு சொல்லுய்யா!"

"பதிவேட்டுல கையெழுத்து இல்லாம எப்படி சார் சொல்லுதது? மூடினவங்க கையெழுத்துப் போட்டாத்தான் தொறக்கலாம். சட்டப் புஸ்தகம் உங்க ஆபீசுலதான் இருக்கு."

ரகுநாதன் போனை அணைத்தார். கஸ்தூரியின் பக்கம் ஒரு அடி வைத்தார். குரல் இன்னும் இறங்கியது.

"கஸ்தூரி. மேடையில உன் உறை இருக்கு. நானே கையெழுத்துப் போட்டது. இருபத்திரண்டு வருஷம். உனக்காக நான் எவ்வளவு எழுதியிருக்கேன்னு தெரியுமா? ஒரே ஒரு கையெழுத்து நீ போடு. நான் அதை எடுத்து உன் கையில தரேன். இல்லன்னா, நாளைக்கு நீ இந்த கேட்டுக்குள்ள வர வேணாம்."

கஸ்தூரி மேடைப் பக்கம் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் உறை தெரியவில்லை. மகளின் மஞ்சள் துப்பட்டா மட்டும் தெரிந்தது. பிறகு சிலுவையைவிட்டு இறங்கி, முதல் வரிசையின் நடுக்குழிக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி ஒரே இறக்கு. தாரின் கறுப்புத் தோல் கிழிந்து, மழைத்தண்ணீர் சேற்றோடு பீறிட்டு ரகுநாதனின் கால்சட்டையில் தெறித்தது. கம்பி மூன்றடி ஆழத்துக்குப் போய் நின்றது. ஓடுதளத்தின் நடுவில் ஒரு பந்தக்கால்போல அவள் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"எடுங்க சார். அதை எடுத்துட்டு ப்ளேன எறக்குங்க. நீங்களே பதிவேட்டுல ‘சரி’ன்னு எழுதுங்க. கீழ உங்க பேரப் போடுங்க. நான் சுருட்டிகினு ஊட்டுக்குப் போறேன். ஆர்டரும் வேணாம், ஒண்ணியும் வேணாம்."

ரகுநாதன் கம்பியைப் பார்த்தார். பக்தவத்சலத்தைப் பார்த்தார். பக்தவத்சலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் மேடைப் பக்கமாக நடந்தார்.

யாரும் எடுக்கவில்லை.

பத்து இருபத்தைந்துக்குக் கிழக்கே ஒரு இரைச்சல் கேட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். வெள்ளை விமானம் தாழ வந்தது, சக்கரங்கள் வெளியே தெரிந்தன. வானொலியில் மூன்று முறை சொல்லியாயிற்று என்று இராமகிருஷ்ணன் பிறகு சத்தியம் செய்தார். ஆனாலும் கீழே நின்றவளுக்கு அது தெரியாதே. கஸ்தூரி சிலுவைக்கு ஓடி, அதன் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். விமானம் அவள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போய், சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு வட்டம் போட்டது. சன்னலில் ஒரு முகம் தெரிந்ததாக எழில் சொல்வாள். பிறகு தென்கிழக்கே, மீனம்பாக்கம் பார்த்துப் போய்விட்டது.

நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

மேடையிலிருந்து பதினோரு உறைகளும் ஜீப்புக்குப் போயின. பட்டியலில் இருந்த மற்ற பத்துப் பேரில் இரண்டு பேர் கஸ்தூரியின் காதுபடவே பேசினார்கள். "இவ ஒர்த்தியால நம்ம வவுத்துலயும் மண்ணு" என்றான் ஒருவன். அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. அன்று முழுக்க அவளைக் கடித்தது அது ஒன்றுதான்.

புருஷன் பக்கத்தில் வந்து நின்றான். இஸ்திரி கலையாத உடுப்பு. "கம்பிய எடுத்துகினு வரட்டா?" என்றான்.

"இருக்கட்டும். இஞ்சினீயரு வந்து பாக்கட்டும்."

கேட்டுக்குள் வர வேண்டாம் என்று ரகுநாதன் சொல்லியும், மறுநாள் ஐந்தரைக்கு அவள் வந்தாள். காவலாளி திறந்துவிட்டார், அவருக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை. மேசையில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை காத்திருந்தது: ‘எவருடைய உத்தரவின்பேரில் ஓடுதளத்தை மூடினீர்?’ அதைப் படித்துவிட்டு, பதிவேட்டைத் திறந்தாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே சொல்லை எழுதிய கை அன்று முக்கால் பக்கம் எழுதியது. குழி பதினாறு. ஆழம் மூன்றடி. உள்ளே மண், தண்ணீர். யாருடைய உத்தரவும் இல்லை. தட்டினேன், சத்தம் சரியில்லை, மூடினேன். கீழே கஸ்தூரி. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விமானத்தின் சொந்தக்காரர்களுக்கு இராமகிருஷ்ணன் அனுப்பிவைத்தார். அது அவராகச் செய்தது. அவர்களிடமிருந்து நகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது என்றும், அதைப் படித்த பிறகு குறிப்பாணையைப் பற்றி யாரும் பேசவில்லை என்றும் வேம்புலி சொல்வான். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் நாளுக்குள் குழிகளைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, மேலே தார் போட்டு இறுக்கினார்கள். திறக்க வேண்டும். திறக்க ஒரு கையெழுத்து வேண்டும். ரகுநாதன் தாமே வந்தார். இந்த முறை மாலை இல்லை, மேளம் இல்லை. சட்டைப்பையில் பேனா மட்டும்.

கஸ்தூரி கம்பியோடு நடந்தாள். அவர் வெயிலில் பின்னால் நடந்தார். ணங். ணங். முதல் வரிசை எட்டும் ஒரே குரலில் பேசின. இரண்டாவது வரிசையில் ஐந்தாவதற்கு வந்ததும் நின்றாள். இரண்டு முறை தட்டினாள். தலையைச் சாய்த்து மூன்றாவது முறையும் தட்டினாள்.

"இது பொக்கு சார். மறுபடி தோண்டச் சொல்லுங்க."

"கஸ்தூரி, நான் இன்னைக்குத் திறந்தாச்சுன்னு மேல சொல்லிட்டேன்."

"போன தபாவும் அதத்தான் சொன்னீங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, "உங்க பதினோரு பேரு ஃபைல் நகருது. நான் நிறுத்தல" என்றார்.

"நகரட்டும் சார். வரும்போது வரட்டும்." அவள் துணிப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் குனிந்து, அந்த இடத்தைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டாள். "அதுவரிக்கும் டெம்பரரி ஆளு சொன்னாலும் ரன்வே கேக்கும்ல?"

எழுந்து, மிச்சமிருந்த மூன்றையும் தட்டப் போனாள். வேம்புலி கடப்பாறையை எடுத்துவர டிராக்டரைக் கிளப்பினான்.